வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

துறைமுகத்தில் அவருக்கு உச்சி என்று பெயர். ராட்சதக் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பெட்டி பெட்டியாகத் தூக்கி வைத்தே தன் வேலைக் காலம் முழுவதையும் கழித்தவர். காலையில் ஏணி ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார். சாப்பாடும் அங்கேயே. பேச்சுத் துணைக்கு ஒரு வயர்லெஸ் கருவி உண்டு. அதில் ‘ஏத்து’, ‘இறக்கு’, ‘நிறுத்து’ என்பதற்கு மேல் யாரும் எதுவும் பேசமாட்டார்கள். கீழே நடமாடிய மனிதர்களெல்லாம் அவருக்கு மஞ்சள் தொப்பிகள். தொப்பிக்குக் கீழே முகம் இருக்கும் என்று தெரியும். தெரிந்து என்ன ஆகப் போகிறது? இப்படியே இருந்து இருந்து மனிதருக்கு வாய் துருப்பிடித்துப் போயிற்று.

ஓய்வு பெற்று வீட்டோடு வந்தவர் என்ன செய்தார்? மாடி வீட்டுப் பால்கனியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவைக் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்குக் கூண்டுப் பழக்கம்.

அவர் மனைவி வேறு ரகம். டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கும் வேலை பார்த்தவர். அவர் பேச ஆரம்பித்தால் போன்தான் களைத்துப் போகும். சர்க்கரை நோய் வந்து, இடது பாதத்தில் ஒரு புண் வந்து, அது ஆறுவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. தெருக் கோடியில் இருந்த நகரசபையின் சின்ன கிளினிக்கில் வாராவாரம் கட்டு மாற்றிக்கொள்வார். ஊன்றுகோலோடு மெல்ல நடந்து போய், மெல்ல நடந்து வந்துவிடலாம். அந்தத் தூரத்துக்குத்தான் அந்தக் கால் தாங்கும்.

“மேல இருந்து பார்த்தது போதும்ங்க. கீழ இறங்கி நாலு எட்டு நடங்க. என் காலு படுற பாட்டைப் பார்த்துமா உங்களுக்குப் புத்தி வரல?” என்று ஒரு நாள் நாற்காலியையே பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் உச்சி இறங்கினார்.

அன்றைக்குத்தான் அவருக்கு முதல் ஆச்சரியம். வீடுகளுக்குக் கதவு இருக்கிறது! சிரிக்காதீர்கள். இவ்வளவு காலமும் அவர் இந்தப் பகுதியைக் கூண்டிலிருந்து கூரைகளாகத்தான் பார்த்திருக்கிறார். தகரக் கூரை, ஓட்டுக் கூரை, தண்ணீர்த் தொட்டி வைத்த மொட்டை மாடி, அவ்வளவுதான். கீழே வந்து பார்த்தால் ஒவ்வொரு கூரைக்கும் அடியில் ஒரு கதவு, கதவுக்கு ஒரு நிறம், நிறத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே நடப்பார். தட்டிக் கேட்கிற துணிச்சல் மட்டும் இல்லை.

அந்தத் துணிச்சல் தேர்தல் ரூபத்தில் வந்தது. கிளினிக்கை மூடிவிட்டு அந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம் கட்டுவது என்று நகரசபையில் பேச்சு அடிபட்டது. உச்சி இருந்த வார்டின் அப்போதைய உறுப்பினரே அதை முன்னின்று கேட்டார். மூடிவிட்டால் கட்டு மாற்றப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். உச்சியின் மனைவியால் ஒரு பஸ் படிக்கட்டே ஏற முடியாது. கட்டு மாற்றாமல் விட்டால் அந்தப் பாதம் என்ன ஆகும் என்பதை டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை வீட்டில் இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதே கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா, “சும்மா விடறதா?” என்று தேர்தலில் நின்றார். நகரசபைக் கூட்டத்தில் கை தூக்க ஓர் ஆள் கூடினால் மூடுவதைத் தடுக்கலாம் என்பது அவர் கணக்கு. கையில் காசு இல்லை, கட்சி இல்லை, கால்கள் வேண்டியிருந்தன. நேராக உச்சி வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, தினமும் நடக்கத்தானே செய்றீங்க? நடக்கறப்ப அப்படியே கதவைத் தட்டிட்டுப் போங்களேன்.”

“எனக்குப் பேச வராதும்மா.”

“பேச வேணாம். வந்து நின்னாப் போதும். சந்தைக்குப் பின்னால இருந்து வாய்க்கால் வரைக்கும் உங்க பொறுப்பு.”

உச்சி தலையாட்டினார். உள்ளே இருந்து மனைவி, “இவரா? சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தாக்கூட வாசல்ல நிக்க வச்சு வேடிக்கை பார்ப்பாரு. இவர் போய் ஓட்டு கேக்கறதா!” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, கணவரின் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்ததும் அவர்தான்.

சந்தையிலிருந்து தொடங்கினால் கூட்டம், கூச்சம். அதனால் மறுகோடியில், வாய்க்கால் ஓரத்தில் தொடங்கி, சந்தையை நோக்கி வரலாம் என்று உச்சி முடிவு செய்தார். வாய்க்கால் எது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கூண்டிலிருந்து தினமும் பார்த்த வாய்க்கால் அவருக்குத் தெரியாதா?

முதல் கதவு பச்சை. ஒரு பெண் திறந்தாள். அறை முழுக்கக் கொடி கட்டி, தேய்த்த வெள்ளைச் சட்டைகள் தொங்கின. உச்சி மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்கு வரியும் தொண்டையில் சிக்கிக்கொண்டன. நர்ஸம்மா கொடுத்த துண்டுப் பிரசுரத்தை நீட்டியபடி நின்றார். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள். அவர் வாயிலிருந்து அவரையும் மீறி ஒரு சொல் வந்தது.

“நிறுத்து!”

துறைமுகமே நின்று பழகிய குரல் அது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு அடங்காமல், “உள்ள வாங்க ஐயா, என்ன நிறுத்தணும் சொல்லுங்க” என்று கூப்பிட்டு ஒரு முக்காலியைப் போட்டாள். “கிளினிக்கை மூடறதை” என்றார் உச்சி. அதற்கு மேல் பேச அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தேவைப்படவில்லை. ஓட்டல் சிப்பந்திகள் அத்தனை பேரின் சட்டைகளையும் தேய்த்துக் கொடுப்பவள் அவள். தேய்த்துக்கொண்டே எந்தச் சட்டைக்காரன் பதறுகிறவன், எவன் சோம்பேறி, எவனுக்குப் புதிதாகக் காதல் வந்திருக்கிறது என்று காலரையும் பையையும் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். உச்சி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆளே இல்லாமல் சட்டையை வைத்து ஒரு கூட்டத்தையே தெரிந்துவைத்திருக்கிறாள்!

அவ்வளவுதான், மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மற்றவர்கள் ஒரு சாயங்காலத்தில் ஒரு தெருவை முடித்தால், இவருக்கு ஒரு வீட்டுக்கே ஒரு சாயங்காலம் போதவில்லை. அடுத்த கதவுக்குப் பின்னால் ஒரு வங்கிக் காசாளர் அம்மா. அக்கம்பக்கம் அலுத்துக்கொள்ளும் என்று துணி அலமாரிக்குள் புகுந்து, துணிகளுக்கு நடுவே நின்று கிளாரினெட் வாசிப்பவர். உச்சியை அலமாரி வாசலில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். துணிகளுக்குள்ளிருந்து வந்த அந்த ஓசையைக் கேட்டு உச்சிக்கு உடம்பு சிலிர்த்தது. எதிர்வீட்டில் அண்ணன் தம்பி இருவர். பேச்சு வார்த்தை கிடையாது. கூடத்தின் நடுவே பீரோக்களை வரிசையாக நிறுத்திப் பாகம் பிரித்திருந்தார்கள். வாசல் கதவு மட்டும் ஒன்று. “அவன் யாருக்குப் போடறான்? அதைச் சொல்லுங்க, நான் மாத்திப் போடறேன்” என்றார் அண்ணன். தம்பியும் அதையேதான் கேட்டார். “அவர் இன்னும் ஒண்ணும் சொல்லல” என்று இருவரிடமும் சொல்லித் தப்பித்தார் உச்சி. அரசியலில் அது அவருடைய முதல் சாமர்த்தியம்.

அந்தத் தெருவின் கடைசியில் ஒரு பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலுக்கு எதிரே ஜன்னலில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து மாட்டி, அதன் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

“வாங்க, உங்களைத் தெரியுமே! தினமும் காலைல போவீங்க. எல்லாரும் தரையைப் பார்த்து நடப்பாங்க, இல்லன்னா போனைப் பார்த்து நடப்பாங்க. நீங்க ஒவ்வொரு வீட்டையும் ஏதோ கோபுரத்தைப் பார்க்கற மாதிரி பார்த்துக்கிட்டே போவீங்க. என்ன வேலை பார்த்தீங்க?”

உச்சி சொன்னார்.

“அட, நீங்களும் உயரத்து ஆளா? நீங்க இறங்கி வந்துட்டீங்க. நான் விழுந்து வந்தேன்” என்று பெயின்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கசப்பு ஒரு துளியும் இல்லை. உச்சிக்குத்தான் கண் கலங்கிற்று. இத்தனை வருஷம் தலைக்கு மேலே உட்கார்ந்து எதைப் பார்த்தோம் என்று அன்று இரவு முழுக்க மலைத்துப் போய்ப் படுத்திருந்தார். ஒரு கதவுக்குப் பின்னால் இவ்வளவு என்றால், ஊர் முழுக்க எத்தனை கதவு!

இப்படியாக மூன்று தெருக்கள். எல்லோரும் நர்ஸம்மாவுக்குத்தான் ஓட்டு என்று சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்வார். மனைவி பாதத்தைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கேட்பார். “கல்லுளிமங்கனுக்கு வாய் வந்துடுச்சு” என்று கிண்டல் வேறு.

வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோது, மூன்றாவது தெருவில் எதிரே ஒரு கூட்டம் வந்தது. நடுவில் மாலை போட்டபடி இரும்புக்கடை முதலாளி. பக்கத்து வார்டின் வேட்பாளர்.

“பெரியவரே, என் வார்டுல நீங்க யாருக்கு ஓட்டு கேக்கறீங்க?”

“உங்க வார்டா? வாய்க்கால் அதோ இருக்கே. இந்தப் பக்கம் எங்களதுதானே?”

முதலாளி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். “அது மழைத் தண்ணிக்காகப் பின்னால வெட்டின வாய்க்கால். வார்டு எல்லை பழைய வாய்க்கால். அது இதுலேருந்து மூணு தெரு தள்ளி. சிலாப் போட்டு மூடி, அதுமேலதான் இப்ப சைக்கிள் கடை இருக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் வர்றீங்க. நல்ல ஆளை அனுப்பினாங்கய்யா நர்ஸம்மா!”

உச்சி சைக்கிள் கடை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். மேலேயிருந்து பார்ப்பவனுக்குச் சிலாப் போட்ட வாய்க்காலும் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். அவர் பேசிய அத்தனை கதவும் வேறு வார்டு. பேச வேண்டிய தெருக்களில் ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. விழலுக்கு இறைத்த நீர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“உங்களை நம்பி அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கலையே அண்ணே” என்றார். “சரி, இருக்கற நாள்ல ஓடுவோம்.”

ஓடினார்கள். சரியான தெருக்களில் உச்சி கதவு கதவாகத் தட்டினார். ஆனால் அங்கே அவர் போவதற்கு முன்பே, அப்போதைய உறுப்பினரின் ஆட்கள் இரண்டு முறை வந்து போயிருந்தார்கள். “இவ்வளவு நாள் எங்கப்பா இருந்தீங்க?” என்று கேட்டவர்களிடம் துண்டுப் பிரசுரத்தை மட்டும் நீட்டினார்.

அதற்கு நடுவிலும் ஒன்று அவரை அரித்தது. அந்த மூன்று தெருக்காரர்கள் வாக்குச்சாவடிக்குப் போய் நர்ஸம்மா பெயரைத் தேடி ஏமாந்து நிற்பார்களே. போய்ச் சொல்ல வேண்டாமா?

“அதுக்கெல்லாம் நேரம் ஏது, விடுங்கண்ணே” என்றார் நர்ஸம்மா. வீட்டில் மனைவி வேறு மாதிரி சொன்னார். “தெருத் தெருவா டாக்ஸி அனுப்பின என்கிட்ட எல்லையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? போகட்டும். வாக்கு வாங்கினீங்கள்ல, திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க. இல்லன்னா உங்களுக்குத் தூக்கம் வராது, எனக்கும் வராது.”

அன்று பகல் முழுக்கச் சரியான தெருக்களில் ஓடிவிட்டு, சாயங்காலம் தவறான தெருக்களுக்குப் போனார். பச்சைக் கதவில் தொடங்கினார். “தப்பு நடந்து போச்சும்மா. நீங்க எங்க வார்டே இல்ல. நர்ஸம்மாவுக்கு நீங்க ஓட்டுப் போட முடியாது. மன்னிச்சிடுங்க.”

தேய்ப்புக்காரப் பெண் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “உங்க வார்டு இல்லன்னா என்ன? என் மாமியாருக்கு ஊசி போடறது அந்தக் கிளினிக்லதானே? சரி, எங்க வார்டுல நிக்கறவர் அதுக்கு என்ன சொல்றாரு?”

உச்சி இதை யோசித்ததே இல்லை. “தெரியலையேம்மா. நீங்க கேட்டாத்தான் தெரியும்.”

“கேட்டுட்டாப் போச்சு” என்றாள் அவள், மறுபடியும் பெட்டியைக் கையில் எடுத்தபடி.

கதவு கதவாக இதே பேச்சுதான். மன்னிப்புக் கேட்கப் போனவரை யாரும் மன்னிக்கவில்லை, ஏனென்றால் யாரும் கோபப்படவே இல்லை. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எல்லோருக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்.

நர்ஸம்மா தோற்றுப் போனார். பெரிய வித்தியாசமில்லை, உச்சி நேரத்துக்குத் தட்டாமல் விட்ட தெருக்கள் வேறு மாதிரி போட்டிருந்தால் ஜெயித்திருப்பார். அதை யாரும் உச்சியிடம் மறைக்கவில்லை, நர்ஸம்மாவும் மறைக்கவில்லை. “உங்களாலதான் தோத்தேன்னு பேசிக்கிறாங்க. பாதி உண்மை அண்ணே. மீதிப் பாதி என் தப்பு, நான் வந்து பார்த்திருக்கணும்” என்றார். உச்சி நடப்பதை நிறுத்திவிட்டார். மறுபடி பால்கனி, மறுபடி நாற்காலி. இந்த முறை மனைவி அதைப் பிடுங்கவில்லை. தன் பாதத்தை அவர் கண்ணில் படாமல் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கிளினிக் விஷயம் நகரசபைக் கூட்டத்துக்கு வந்த அன்று நர்ஸம்மா வந்து வாசலில் நின்றார். “மூடறதைப் பார்க்கவாவது வாங்க. நான் தனியாப் போய் உக்கார்ந்தா அழுதுடுவேன்.”

பார்வையாளர் வரிசைக்குப் போனால், உட்கார இடமில்லை. உச்சிக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. தேய்ப்புக்காரப் பெண் மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். காசாளர் அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில், நடுவே இரண்டு ஆள் இடம் விட்டு. அந்த இடத்தில் உச்சியையும் நர்ஸம்மாவையும் உட்காரச் சொன்னார்கள்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஆதரிப்பவர்கள் கை தூக்கும் முன் இரும்புக்கடை முதலாளி எழுந்தார். அவர் ஜெயித்திருந்தார். எரிச்சலில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“ஐயா, வண்டி நிறுத்துமிடம் வந்தா என் கடைக்குத்தான் லாபம். அதனால நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. எங்க வார்டுல மூணு தெரு இருக்கு. தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி திடீர்னு என்ன ஆச்சோ தெரியல, ஒரு வீட்டைத் தாண்ட விடல. கதவைத் திறந்ததும் கிளினிக், கிளினிக். ஒரு வீட்ல அண்ணன் கேட்டாரு, வாக்குக் குடுத்தேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் போனா தம்பி அதையே கேக்கறாரு, அவருக்குத் தனியா வாக்குக் குடுத்தேன். படுத்த படுக்கையா இருக்கற ஒரு பெயின்டர், கண்ணாடில என் முகத்தைப் பார்த்துக்கிட்டே சத்தியம் வாங்கிட்டாரு. குடுத்தது குடுத்ததுதான். நான் மூடக் கூடாதுன்னுதான் கை தூக்குவேன். இதோ பின்னால வந்து உக்கார்ந்திருக்காங்க பாருங்க, எனக்கு வேற வழி இல்ல.”

அவர் கை தூக்கினார். அவரோடு கொடுக்கல் வாங்கல் உள்ள இன்னும் இரண்டு உறுப்பினர்கள், அவர் தூக்கினால் நமக்கென்ன என்பது போலத் தாங்களும் தூக்கினார்கள். தீர்மானம் தோற்றது. கிளினிக் மூடப்படாது என்று தலைவர் வாசித்தபோது தேய்ப்புக்காரப் பெண்ணின் மாமியார் சத்தமாக, “அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?” என்றார்.

நர்ஸம்மா அழத்தான் செய்தார். “அண்ணே, நான் போட்ட கணக்கே தப்பு. நான் ஜெயிச்சிருந்தாலும் என் ஒரு கையை வச்சு ஒண்ணும் ஆகியிருக்காது. இப்ப எண்ணிப் பாருங்க, மூணு கை.” சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஆனா தோத்தது வலிக்குது. அது வேற கணக்கு.”

உச்சிக்குப் பேச்சு வரவில்லை. இது பழைய துரு இல்லை. இந்த மனிதர்கள் யாரும் அவருக்குச் சொந்தமில்லை, பந்தமில்லை. நாலு வார்த்தை சரியாகப் பேசத் தெரியாதவன் தவறான வாசலில் போய் நின்றதற்கு, இவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்து முடியவில்லை.

அடுத்த வாரம் வழக்கம்போல மனைவியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். கட்டு மாற்றி, புண் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வாசலுக்கு வந்ததும் உச்சி வீட்டுப் பக்கம் திரும்பினார். மனைவி திரும்பவில்லை. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார்.

“நீங்க தப்பாப் போன தெரு எந்தப் பக்கம்?”

“எதுக்கு?”

“எல்லார் வீட்டுக் கதையும் கேட்டாச்சு. என் காலைக் காப்பாத்தினவங்களை நான் நேர்ல பார்க்க வேணாமா?”

“உன்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாதும்மா.”

“முடியற வரைக்கும் நடக்கறேன். முடியாதப்ப ஏதாவது ஒரு கதவைத் தட்டுங்க” என்றார் அவர். “உக்கார நாற்காலி குடுக்காமயா போயிடுவாங்க?”